கவ்வாத்து மாதத்தில் விறகுக்குப் போனோம்

கவ்வாத்து நடக்கும் மாதத்தில் தோட்டத்தில் யாரும் விறகு தேடி ஆற்றுப் பக்கம் போகமாட்டார்கள். முற்றிய தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குவதுதான் கவ்வாத்து. வெட்டுப்பட்டு விழுகிற குச்சிகளுக்கு மிலாறு என்று பெயர். அதைத் தூக்க முடிந்தவர்கள் தூக்கிக்கொண்டு வரலாம். அந்த நாட்களில், வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக இருக்கிற எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டு மிலாறும் கூரைத் தகரத்தை முட்டிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட சமயத்தில் ஒரு சனிக்கிழமை சாயந்தரம் என் புருஷன் தன் அம்மாவிடம், "நாளைக்கு நானும் அதுவும் ஆத்துப் பக்கம் வெறகுக்குப் போயிட்டு வாறோம்" என்றார். அவரே கவ்வாத்து வெட்டுகிறவர். எங்கள் வீட்டு அடுக்குதான் அந்த லயத்திலேயே பெரியது.

"அது" என்பது நான். கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பெயர் அவ்வளவுதான்.

நான் நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இலங்கைக்குச் சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த காலம் அது. கூப்பன் அரிசி இன்னும் இருந்தது, வெள்ளைக்காரத் துரையும் இன்னும் இருந்தார். வைகாசியில் என்னைக் கட்டிக்கொடுத்து, இறம்பொடைக்கு மேலே இருக்கிற ஒரு தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார்கள். எனக்கு வாய் ஜாஸ்தி. மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். பிறந்த வீட்டில் எல்லோருக்குமே அப்படித்தான். அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டால் ஊரே கேட்கும், சமாதானம் ஆனாலும் ஊரே கேட்கும். அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது.

இங்கே வந்து சேர்ந்தால், புருஷன் வாயில் கொழுக்கட்டை. காலையில் "தேத்தண்ணி" என்பார். சாயந்தரம் "சுடுதண்ணி" என்பார். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. ஆள் கெட்டவர் இல்லை. குடி இல்லை, கை நீட்டுவதில்லை, என் தட்டில் மீன் துண்டு பெரிதாக விழுந்ததா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். ஆனால் பேசமாட்டார். நான் ஏதாவது கேட்டால் சுவரைப் பார்ப்பார், பிறகு தலையை ஆட்டுவார். என்னைப் பிடிக்காமல்தான் கட்டிக்கொண்டார் என்று முதல் மாதமே முடிவு பண்ணிவிட்டேன். இரண்டாவது மாதம் எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை என்று முடிவு பண்ணினேன். ஒருத்தர் மட்டும் தோற்றுப்போகக் கூடாது பாருங்கள்.

அதற்குத் தோதாக ஆடி வந்துகொண்டிருந்தது. புதுசாகக் கல்யாணமான பெண்ணை ஆடி பிறக்கும் முன்னால் அப்பன் வீட்டில் வந்து அழைத்துக்கொண்டு போவார்கள். ஆவணியில் திரும்பி வரவேண்டும். போவதற்கு யாரும் காரணம் கேட்கமாட்டார்கள், வழக்கம் அது. நான் ஆவணியில் திரும்பி வருவதாக இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வந்த தகரப் பெட்டியில் என் சேலைகளை எல்லாம் மடித்து வைத்து, அப்பா நோர்வூட்டில் முஸ்லிம் நானா கடையில் வாங்கிக் கொடுத்த நீளமான தும்புக் கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டி மூலையில் வைத்திருந்தேன். தினமும் வேலைக்குக் கட்டுகிற இரண்டு பழைய சேலை மட்டும் கொடியில் கிடந்தது. அப்பா வருவதற்கு இன்னும் எட்டு நாள்தான்.

இந்த லட்சணத்தில்தான் அவர் விறகு என்றார். அத்தை வாசல் வழியாக மிலாறு அடுக்கை ஒரு தரம் பார்த்தார். மகனை ஒரு தரம் பார்த்தார். ரொட்டி எத்தனை சுடுவது என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் இன்னொன்று நடந்தது. அவர் மூலைக்குப் போய், என் பெட்டியில் இருந்த கயிற்றை முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டார். விறகு கட்டவாம். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அத்தை முன்னால் கத்த முடியுமா? ரொட்டியையும் கட்டச் சம்பலையும் துணியில் முடிந்துகொண்டு, கொழுந்து எடுக்கப் போகும்போது கட்டுகிற சாக்குப் படங்கை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பு ஒவ்வொன்றிலும் ஆட்கள் நின்று எங்களைப் பார்த்தார்கள். கவ்வாத்து மாதத்தில் கயிறோடு ஆற்றுக்குப் போகிற ஜோடியை வேறு எப்படிப் பார்ப்பார்கள்?

ஒரு வாரமாக விடாமல் பெய்த மழை அன்றைக்குக் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தது. ஏழாம் நம்பர் மலையில் நின்று கொழுந்து எடுக்கும்போது, எதிர்ப்பக்கம் கொத்மலைப் பள்ளத்தாக்கு இறங்குகிற இடத்தில் ஒரு அருவி தெரியும். வெள்ளையாக, நூல் மாதிரி. தினமும் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள், மேலே மேகம் கட்டினால் மழை வருகிறது என்று சொல்லுவார்கள், அதோடு சரி. அதன் காலடிக்குப் போனவர்கள் அந்த லயத்தில் யாரும் கிடையாது. போய் என்ன செய்வது? அங்கே கொழுந்தும் இல்லை, சம்பளமும் இல்லை.

தேயிலை முடிகிற இடத்தில் மானாப்புல் ஆள் உயரத்துக்கு நின்றது. அங்கே அவர் உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு துண்டுச் சவுக்காரத்தை எடுத்து நீட்டினார். அட்டைக்கு. கால் முழுக்கக் குழைத்துத் தேய்த்துக்கொண்டேன். சவுக்காரம் பூசிய காலில் அட்டை ஏறாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நேற்றே நினைத்து எடுத்து வைத்திருக்கிறாரே என்று கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. உடனே அந்த ஆச்சரியத்தை அடக்கிக்கொண்டேன்.

புல்லைத் தாண்டினால் காடு. காட்டுக்குள் கிடுகிடுவென்று இறங்கினால் ஆறு. ஆறு என்று சொன்னால் தட்டையாக ஓடுகிற ஆறு இல்லை. இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாக நிற்க, நடுவில் வீடு மாதிரி பெரிய பெரிய கற்கள். அந்தக் கற்களுக்கு இடையில் தண்ணீர் மோதித் தாவி நுரைத்துக்கொண்டு போனது. இங்கேயே விறகு கிடந்தது. காய்ந்த கட்டைகளை ஆறே கொண்டுவந்து ஒதுக்கியிருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆற்றுக்கு எதிராக மேலே நடந்தார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சரிவில் நடப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. முதுகில் நிறைந்த கூடையோடு எந்த மலையிலும் இறங்குவேன். அதனால் அவர் கை நீட்டியபோதெல்லாம் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். நாலாவது கல்லில் பாசி வழுக்கி, இடுப்பு வரை தண்ணீருக்குள் உட்கார்ந்தேன். ஐஸ் மாதிரி தண்ணீர். மூச்சே நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாய்விட்டு, பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தார். இரண்டு மாதத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று எரிந்து விழுந்தேன். அவர் சிரிப்பை நிறுத்தாமலே கையை மறுபடியும் நீட்டினார். இந்தத் தரம் பிடித்துக்கொண்டேன்.

சின்ன அருவி ஒன்றைப் பக்கத்துப் பாறை வழியாக ஏறிக் கடந்தோம். அது மூன்று ஆள் உயரம் இருக்கும். வேரைப் பிடித்து, அவர் காட்டிய இடத்தில் காலை வைத்து ஏறினேன். ஏறி முடித்ததும் மேலே ஒரு மடு, அதன் கரையில் பனை மாதிரி ஒரு கித்துள் மரம், மரத்தின் உச்சியில் ஒரு ஆள். கொத்மலைப் பக்கத்துச் சிங்களவர், பாளை சீவ ஏறியிருந்தார். எங்களைப் பார்த்ததும் எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். என் புருஷன் வாயைத் திறந்தார். திறந்தவர் மூடவே இல்லை. மழையைப் பற்றி, ஆற்றைப் பற்றி, அந்த ஆளின் மாட்டைப் பற்றி, இவர் சிங்களத்தில் கேட்கவும் அவர் மேலேயிருந்து சொல்லவுமாக வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் பேசினார்கள். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து சேலையைப் பிழிந்தேன். மரத்து மேல் இருக்கிற ஆளோடு இத்தனை பேச்சு, கட்டின பெண்டாட்டியோடு சுடுதண்ணி. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகைதான், ஆனாலும் அழுகை.

அந்த மனுஷர் இறங்கி வந்து இலையில் சுற்றிய கருப்பட்டித் துண்டு ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, அருவியடிக்குப் போக ஆற்றை எங்கே கடக்க வேண்டும் என்று காட்டினார். மேலே மலையில் மழை இருட்டுகிறது, தண்ணீர் நிறம் மாறினால் ஒரு நிமிஷம் கூட நிற்காதீர்கள் என்றும் சொன்னார். அந்த அளவு சிங்களம் எனக்கும் விளங்கும்.

கடக்க வேண்டிய இடத்தில் ஆறு குறுகி வேகமாக ஓடியது. அவர் என் பெட்டிக் கயிற்றின் ஒரு முனையை இந்தப் பக்கத்து மரத்தில் கட்டினார், மறு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நெஞ்சு வரை தண்ணீர் வந்தது. பிடிக்காத புருஷன் என்று முடிவு பண்ணி வைத்திருந்தேன் இல்லையா, அந்த நேரத்தில் எனக்கு அது ஞாபகமே இல்லை. மாரியாத்தா மாரியாத்தா என்று சொல்லிக்கொண்டே கரையில் நின்றேன். அவர் ஏறி, அந்தப் பக்கத்து வேரில் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுக் கையைக் காட்டினார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் போய்ச் சேர்ந்தேன். ரொட்டி நனைந்து மாவாகிவிட்டது.

ஒரு பாறை முடுக்கைத் திரும்பினோம். அருவி.

மலையிலிருந்து நூலாகத் தெரிந்தது இதுதானா என்று நம்ப முடியவில்லை. ஒரு ஆறு முழுசாக வானத்திலிருந்து விழுந்தது. காற்று அடித்தது, புகை மாதிரி சாரல் அடித்தது, நின்ற பாறை காலுக்குக் கீழே அதிர்ந்தது. சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் லொறி உறுமும், ஃபெக்டரியில் எஞ்சின் ஓடும், அதெல்லாம் ஒன்றுமேயில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று தெரியாமல் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே கேட்கவில்லை.

அவர் என்னைப் பார்த்து வாயை அசைத்தார். என்ன என்றேன். மறுபடியும் அசைத்தார், கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் கிட்டே வந்து, என் காதோரம் குனிந்து, தொண்டை கிழியக் கத்தினார்.

"பொட்டியக் கட்டியே வச்சிருக்க. நீ ஆவணியில வரமாட்ட. எனக்குத் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் நிறுத்தவில்லை.

"லயத்துல பேசுனா பன்னெண்டு காம்பராவும் கேக்கும், புள்ள. எனக்கு வெக்கமா இருக்கு. அதான் இங்க கூட்டியாந்தேன்."

எங்கள் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரை போகாது. மேலே ஒரு முழம் திறந்தே இருக்கும். பக்கத்துக் காம்பராவில் தீப்பெட்டி உரசினால் இங்கே கேட்கும். இது எனக்கும் தெரிந்ததுதானே? ஆனால் சுவருக்குப் பயந்து ஒரு மனுஷன் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருப்பான் என்று எங்கள் வீட்டில் பிறந்த யாருக்கும் தோன்றாது. அவர் கத்திக் கத்திச் சொன்னார். சின்ன வயதில் அவருடைய அப்பாவும் அம்மாவும் ராத்திரி பேசியதையெல்லாம் அக்கம்பக்கம் கேட்டு வைத்துக்கொண்டு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் இவரைப் பார்த்ததும் அதே குரலில் சொல்லிக் காட்டுவார்களாம். கொஞ்சினதையும் விடமாட்டார்களாம். எல்லோரும் சிரிப்பார்களாம். அன்றையிலிருந்து கூரைக்குக் கீழே வந்தால் வாய் திறக்க வரவில்லை என்றார். அவர் சுவரைப் பார்த்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

பிறகு என் முறை. இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அவர் காதில் கொட்டினேன். "அது" என்று கூப்பிட்டதற்குத் திட்டினேன். கேட்காமல் கயிற்றை அவிழ்த்ததற்குத் திட்டினேன். மரத்து மேல் இருந்த ஆளோடு பேசியதற்குத் தனியாகத் திட்டினேன். இவ்வளவு பெரிய மிலாறு அடுக்கை வைத்துக்கொண்டு விறகு என்று பொய் சொல்ல வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். வேறு பொய் வரவில்லை என்றார். நனைந்த ரொட்டியையும் கருப்பட்டியையும் தின்றுகொண்டே, மாற்றி மாற்றி ஒருவர் காதில் ஒருவர் கத்தினோம். அவருக்கு என்ன பிடிக்கும், எனக்கு எது ஆகாது, நோர்வூட்டில் எங்கள் வீட்டு ஆடு எப்படிச் செத்தது, எல்லாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, அன்றைக்கு இருந்த மாதிரி சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் இருந்ததில்லை.

நான்தான் முதலில் பார்த்தேன். அருவியின் வெள்ளையில் ஒரு ஓரம் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது.

ஓடினோம். கடந்த இடத்துக்கு வந்தபோது தண்ணீர் முன்பைவிட ஒரு சாண் ஏறியிருந்தது. என்னைக் கயிற்றைப் பிடிக்க வைத்து முன்னால் விட்டார், பின்னாலேயே அவரும் வந்தார். நடுவில் ஒரு தரம் என் கால் தரையில் பாவவில்லை. அவர் கை என் படங்கைக் கொத்தாகப் பிடித்திருந்தது. கரை ஏறி நான் மூச்சு வாங்க, அவர் மறுபடியும் தண்ணீரில் இறங்கப் போனார். கயிற்றின் மறு முனை அந்தப் பக்கத்து வேரில் இருந்தது.

"ஒங்கப்பா வாங்கிக் குடுத்த கயிறு. அவுத்துக்கிட்டு வந்துர்றேன். நீ பொட்டி கட்டணுமே."

அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"கட்ட வேணாம். போனாப் போவுது, வாங்க நீங்க."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் ஒரு மரக்கட்டை உருண்டு வந்து கயிற்றில் விழுந்தது. கயிறு விண்ணென்று இழுபட்டு, அறுந்து, ஆற்றோடு போனது. பாறை மேலே ஏறி நின்று அது போகிற வழியைப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை.

லயம் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வந்த பிறகுதான் விறகு ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் அவசர அவசரமாக வேலி ஓரத்தில் ஒடிந்து கிடந்த ஈரச் சுள்ளிகளைப் பொறுக்கினார். கட்டக் கயிறு இல்லை. என் படங்கில் சுற்றிக்கொண்டோம். பத்து மைல் போய் வந்த கோலத்தில், ஒரு கைப்பிடிச் சுள்ளியோடு, பன்னிரண்டு இஸ்தோப்பையும் தாண்டி நடந்தோம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவர்கள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

அத்தை சுள்ளியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூரை உயர மிலாறு இருக்கிற வீட்டில், அதை அடுப்புக்கு மேலே இருக்கிற பரணில் பத்திரமாகப் பரப்பினார். "காய ஒரு மாசம் ஆவும். ஆவணியில நீயே வந்து எரி" என்றார். அத்தைக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். ஆடி பிறக்க இரண்டு நாள் இருந்தது. அந்த வாரம் முழுக்க வீட்டுக்குள் என் புருஷன் பழையபடி தேத்தண்ணி, சுடுதண்ணிதான். ஆனால் சுவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார், எனக்கு அது போதுமாக இருந்தது. அப்பா தேத்தண்ணி குடித்துவிட்டு, பெட்டியைத் தூக்கப் போனவர், கயிறு எங்கே என்று கேட்டார். ஆற்றோடு போய்விட்டது என்றேன். நல்ல கயிறாச்சே என்று அலுத்துக்கொண்டு, இறம்பொடைக் கடையில் வேறு வாங்கி வருகிறேன் என்று எழுந்தார்.

"வேணாம்ப்பா. பொட்டி இங்கயே இருக்கட்டும்" என்றேன். இரண்டு சேலையை மட்டும் ஒரு துணிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்பாவுக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. வாசலில் நின்ற என் புருஷனுக்குத் தெரிந்தது. நாங்கள் லயத்து முற்றத்தைத் தாண்டிப் பாதையில் இறங்கியிருப்போம், பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. அருவியடியில் கத்தினாரே, அதே குரல்.

"ஆவணி ஒண்ணாந் தேதி நானே வந்து கூட்டியாறேன் புள்ள. மொத பஸ்ஸுக்கே வந்துருவேன்."

பன்னிரண்டு காம்பராவுக்கும் கேட்டது. கடைசிக் காம்பராவில் அம்மி அரைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். யாரோ சிரித்தார்கள், யாரோ அதே குரலில் "மொத பஸ்ஸுக்கே" என்று சொல்லிக் காட்டினார்கள். அவர் முகமெல்லாம் வேர்த்துவிட்டது. ஆனாலும் உள்ளே போகாமல் இஸ்தோப்பிலேயே நின்றார்.

நான் திரும்பி நின்று, அவரைவிடச் சத்தமாக, "வராம இருந்து பாருங்க" என்றேன்.